இரண்டு சிலிண்டர் படம் போட்ட எண்

சிலிண்டர் கொண்டுவந்து போடுகிறவரிடம் என் அம்மா ஒருநாள் போனில், "சாப்பிட்டியா மக்கா? ரொம்ப எளைச்சுப் போயிட்டியாமே" என்று கேட்டுவிட்டாள்.

மறுமுனையில் அவர் தயங்கித் தயங்கி, "சாப்பிட்டேன்க்கா. எளைச்சதுக்குக் காரணம் சுகருதான். உங்களுக்கு யாரு சொன்னா?" என்றிருக்கிறார்.

நான் கல்லூரியிலிருந்து திரும்பி, தறிக்கூடத்துக்குள் நுழைந்தபோது அம்மா போனை நூல்கூடைக்குள் போட்டு, அதன் மேல் நாலு கண்டு நூலையும் போட்டு மூடி வைத்திருந்தாள். கண்ணாடி போடாமல் படத்தைத் தொட்டதில் வந்த வினை. ஒரு சிலிண்டருக்கும் இரண்டு சிலிண்டருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றாள்.

அதற்கப்புறம் அந்த மனிதர் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டுத் தன் மாத்திரை விவரத்தை அம்மாவிடம் ஒப்பிப்பார். தன் உடம்பைப் பற்றி அக்கறையாக விசாரித்த ஒரே வாடிக்கையாளர் என் அம்மாதானாம். அம்மாவும் வேறு வழியில்லாமல் வெந்தயம் ஊறப்போட்டுக் குடிக்கச் சொல்லி அனுப்புவாள்.

அம்மா அன்று கூப்பிட நினைத்தது என் அக்காவை. அக்காவின் எண்ணுக்கு நான் வைத்த படம்தான் இரண்டு சிலிண்டர். ஏன் அப்படி வைத்தேன் என்று சொல்வதற்கு, முதலில் ஓர் ஆங்கில வார்த்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாமாவைச் சேவ் செய்தவள்

இப்போது நான் எங்கள் ஊரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். சமீபத்தில் 'சேவ்' என்ற வினைச்சொல்லைக் கரும்பலகையில் எழுதி, ஆளுக்கொரு வாக்கியம் எழுதச் சொன்னேன். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு சிறுமி எழுதினாள்: 'மை மதர் சேவ்டு மை அங்கிள்.'

"மாமா கிணத்துல விழுந்துட்டாரா?" என்று கேட்டேன்.

"இல்ல மிஸ். புது நம்பர் வாங்கியிருக்காரு."

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அந்த வாக்கியத்தில் தப்பே தெரியவில்லை. எனக்குத்தான் சிரிப்பு வந்தது, பிறகு சிரிப்பு நின்றுபோனது. சிவப்புப் பேனாவை மூடிவிட்டு, பென்சிலால் 'சரி' போட்டுக் கொடுத்தேன்.

நான் படித்தபோது இந்த வார்த்தைக்கு முதல் பொருள் 'காப்பாற்று'. எங்கள் ஆங்கில டீச்சர் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர். கடலில் மூழ்குகிறவனைக் கப்பல்காரன் கைகொடுத்துத் தூக்குகிறான், அதுதான் சேவ் என்று சொல்லித் தந்தார். எங்களில் ஒருத்திகூடக் கடலைப் பார்த்ததில்லை. குருவிகுளம் பக்கத்திலிருந்து வந்த பிள்ளைகள் நிறைந்த குளத்தைப் பார்த்தே வருஷக்கணக்காகியிருந்தது. அதனால் எல்லோரும் கிணற்றில் விழுந்த ஆட்டைக் காப்பாற்றினோம். அந்த வருஷம் எங்கள் வகுப்பு நோட்டுகளில் கரையேறிய ஆடுகளுக்குக் கணக்கில்லை.

இரண்டாவது பொருள் 'சேமி'. அது உண்டியல் சம்பந்தப்பட்டது என்பதால் எங்களுக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. மூன்றாவது, 'மிச்சப்படுத்து'. நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்று டீச்சர் சொன்னபோது, தறி ஓட்டுகிற வீட்டுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மிச்சப்பட்ட நேரத்தில் இன்னும் நாலு முழம் ஓட்டச் சொல்வார்கள், அவ்வளவுதானே.

கல்லூரிக்குப் போன பிறகு இன்னொரு பொருள் கிடைத்தது. கம்ப்யூட்டர் லேபில் மின்விசிறி லேசாகத் தடுமாறினாலே எங்கள் சார், "சேவ் பண்ணுங்க, சேவ் பண்ணுங்க, கரண்டு போகப் போகுது" என்று அலறுவார். விரல் கொஞ்சம் பிந்தினாலும் ஒரு மணி நேரத்து எழுத்து காணாமல் போகும். இருந்த சுவடே இருக்காது. எழுதியது நாம்தானா என்று நமக்கே சந்தேகம் வரும். அன்றிலிருந்து எனக்கு அந்த வார்த்தையோடு ஒரு பதற்றமும் சேர்ந்துவிட்டது.

சங்கரன்கோவிலில் இப்போது பூக்கடை, பிரியாணிக் கடை, பஸ் ஸ்டாண்ட் எங்கே நின்றாலும் காதில் விழுவது ஒன்றுதான். "நம்பரைச் சேவ் பண்ணிக்கிடுங்க." ஆங்கிலமே தெரியாதவர்கள் வாயில் இவ்வளவு சுலபமாக உட்கார்ந்த வினைச்சொல் வேறு இருக்கிறதா, தெரியவில்லை.

தெருவுக்கே சேவ் பண்ணுகிறவள்

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்று தார் சுற்றப் போய்விட்டாள். தார் என்பது, தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற நூல் சுற்றிய குச்சி. நான் மட்டும் படித்தேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் எதுவும் கிடையாது. யாரும் கேட்காவிட்டாலும் சொல்வேன்.

என் பழைய டச் போன் அம்மாவுக்குப் போனபோது, பெயரை எழுதினால் அவளுக்குப் படிக்கத் தெரியாதே என்ற சிக்கல் வந்தது. அதனால் பெயருக்குப் பதில் படங்களைச் சேவ் செய்து கொடுத்தேன். பால்காரருக்கு மாடு. தறி முதலாளிக்கு மூக்குக்கண்ணாடி. சிலிண்டர்க்காரருக்குச் சிலிண்டர். அது உண்மையில் தீயணைக்கிற கருவியின் படம். சிவப்பாக, குட்டையாக இருக்கும். எங்கள் தெருவில் இன்றைக்கும் அதுதான் சிலிண்டர்.

விஷயம் பரவியதும் பெண்கள் ஒவ்வொருவராகப் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ராயகிரியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஓர் அக்காவுக்குக் கேரளாவில் வேலை பார்க்கும் மகனுக்காகத் தென்னைமரம் வைத்தேன். எதிர்வீட்டுக் காந்திமதி அத்தை தன் நாத்தனாருக்கு மிளகாய்ப் படம் கேட்டாள். ஒருநாள் நாத்தனார் எதிரிலேயே இருக்கும்போது கைதவறி அந்த எண்ணுக்கு அழைப்பு போய், அவள் கையிலிருந்த போன் அடித்து, இங்கே திரையில் மிளகாய் மின்னியிருக்கிறது. "இதென்ன மதினி, எனக்கு மொளகா?" என்று கேட்டதற்கு அத்தை அசராமல், "நீ வந்தாத்தானே குழம்பே ருசிக்கும்" என்றாளாம். மறுநாள் வந்து ரோஜாப்பூவாக மாற்றிக்கொண்டு போனாள்.

அப்படிச் சேவ் செய்து கொடுத்த நாட்களில் எனக்கு நடையே மாறிப்போயிருந்தது. தெருவின் சொந்தபந்தங்கள் எல்லாம் என் விரல் நுனியில் இருப்பதாக ஒரு நினைப்பு.

சொல்லக் கூடாத பெயர்

என் அக்காவின் பெயர் கோமதி. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு கோமதி இருப்பாள். அம்மன் பெயர்.

நான் பிளஸ் டூ முடித்த கோடையில் அக்கா, குருவிகுளத்துக்காரர் ஒருவரோடு திருப்பூருக்குப் போய்விட்டாள். அவர் இங்கே ஒரு பைக் பட்டறையில் வேலை பார்த்தவர். நல்ல மனிதர். ஆனால் எங்கள் ஆட்கள் இல்லை. அதற்கு மேல் அன்றைக்கு யாருக்கும் காரணம் வேண்டியிருக்கவில்லை.

சொந்தக்காரர்கள் கூடி உட்கார்ந்து பேசினார்கள். சித்தப்பாதான் அதிகம் பேசினார். ஒன்று ஓடிப்போன பிறகும் இன்னொன்றைப் படிக்க வைப்பாயா என்று என்னைக் காட்டிக் கேட்டார். அப்பா எழுந்து நின்று, "இனி இந்த வீட்டுல அந்தப் பேரு கேக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தறிக்குப் போனார். அந்த மாதமே எனக்குக் கல்லூரியில் இடம் வாங்கக் கூட வந்ததும் அவர்தான். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு கோமதி என்ற பெயர் காதில் விழாமல் ஒரு பகலைக் கழிக்க முடியுமா? ஜவுளிக்கடைப் பலகையில் அந்தப் பெயர். மினி பஸ்ஸின் நெற்றியில் அந்தப் பெயர். கோயில் ஒலிபெருக்கி காலையும் மாலையும் அதைத்தான் சொல்லும். பக்கத்து வீட்டில் யாராவது பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்டால் அதுவும் அந்தப் பெயராக இருக்கும். அப்பா அந்த நேரங்களில் குனிந்து, அறுந்துபோகாத இழையைத் தேடிக்கொண்டிருப்பார்.

சில மாதம் கழித்து, அம்மா தார் சுற்றிக்கொண்டிருக்கும்போது இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. தறிச் சத்தத்தில் மணி கேட்காது என்பதால் எப்போதும் அதிர்வில்தான் வைத்திருப்பாள். புது எண். எடுத்தாள். பேசியது அக்கா. அன்று சாயங்காலம் அந்த எண்ணை நான் பார்ப்பதற்குள் அழிந்துபோய்விடுமோ என்ற பயத்தில், திரையையே தொடாமல் போனை ஒரு தட்டில் வைத்து எடுத்து வந்தாள்.

"இதைச் சேவ் பண்ணி வையி சங்கரி. எங்கயும் போயிராம."

பெயரை எழுதி வைக்க முடியாது. சித்தப்பாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். வீட்டுக்கு வந்தால் போனை எடுத்துத் தள்ளிப் பார்க்கிற பழக்கமும் உண்டு. பூ வைக்கவா, கிளி வைக்கவா என்று கேட்டேன். அம்மா யோசித்துவிட்டு, சிலிண்டர்க்காரர் எத்தனை தடவை கூப்பிட்டாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள் என்றாள். "அதையே போடு. ஒண்ணுக்கு ரெண்டாப் போடு."

உதட்டுப் பேச்சு

எங்கள் தறிக்கூடத்தில் எட்டு விசைத்தறிகள். நாலை அப்பா ஓட்டுவார், நாலைக் கூட வேலை பார்க்கிற சுடலை அண்ணாச்சி ஓட்டுவார். எட்டும் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவர் கத்தினாலும் கேட்காது. அதனால் தறிக்காரர்கள் கத்துவதில்லை. சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைப்பார்கள். கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து, "டீ சொல்லவா?" என்று உதடு கேட்கும், இந்தக் கோடியிலிருந்து, "சீனி கம்மி" என்று உதடு பதில் சொல்லும். நானும் அப்படியே வளர்ந்தேன். எல்லா ஊரிலும் மனிதர்களுக்கு இது தெரியும் என்று நினைத்திருந்தேன். கல்லூரியில் வராந்தாவின் மறுகோடியில் இரண்டு பேராசிரியர்கள் பேசிக்கொண்டதை நான் தோழிகளுக்கு வரிவரியாகச் சொன்னபோதுதான், அவர்கள் என்னை ஒருமாதிரி பார்த்தார்கள்.

அக்கா தறி ஓடும் நேரமாகப் பார்த்துத்தான் கூப்பிடுவாள். அந்தச் சத்தம் எங்களுக்கு ஒரு சுவர் மாதிரி. அம்மா ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மற்றக் காதில் போனை அழுத்திக்கொண்டு பேசுவாள்.

அம்மாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. அக்கா சொல்வதையெல்லாம் திருப்பிச் சொல்வாள். "தண்ணி காலைல மட்டும்தான் வருதா?" "அவரு சொந்தமாவே பட்டறை போட்டுட்டாரா?" "வீட்டுக்காரம்மா தங்கமான ஆளா, சரி." ஏன் இப்படி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்கிறாய் என்று கேட்டேன். சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை, கேட்டது சரிதானா என்று பார்க்கிறேன் என்றாள். நம்பிவிட்டேன்.

அதே சமயத்தில்தான் அப்பா இன்னொன்று செய்தார். அவருடைய நாலு தறியும் ஜன்னலோரம். காற்றும் வெளிச்சமும் உள்ள இடம். அதைச் சுடலை அண்ணாச்சிக்குக் கொடுத்துவிட்டு, உள்சுவர்ப் பக்கம் புழுங்குகிற நாலு தறியை எடுத்துக்கொண்டார். வெயில் கண்ணில் குத்துகிறது என்று காரணம் சொன்னார். அண்ணாச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த இடம் அம்மா தார் சுற்றும் மெஷினுக்கு நேர் எதிர். எனக்கு அது பிடிக்கவில்லை. அம்மா போனை எடுத்தாலே அவர் தறிக்கு நடுவே நிமிர்ந்து நின்று இந்தப் பக்கமே பார்ப்பார். சந்தேகப்பட்டுக் காவல் காக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை

நான் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஆடித் தபசுக்கு ஊர் தயாராகிக்கொண்டிருந்த நாட்கள். ரத வீதியெல்லாம் பந்தல் கால், வளையல் கடை. ஒலிபெருக்கி பகல் முழுக்க அம்மனின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. தபசு என்றாலே காத்து நிற்பதுதானே. எங்கள் அம்மன் ஒற்றைக் காலில் நின்று காத்திருந்தவள்.

பள்ளிக்கூடம் லீவு என்பதால் நான் அம்மாவுக்கு நூல் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் இடுப்பில் போன் அதிர்ந்தது. இரண்டு சிலிண்டர்.

அம்மா எடுத்தாள். வழக்கம்போல, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். பிறகு எதையும் திருப்பிச் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள். சட்டென்று முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். போன் என் கைக்கு வந்தது.

நான் காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். அக்காவின் குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. உண்டாகியிருக்கிறாளாம், ஏழாவது மாதம் தொடங்கிவிட்டதாம். இத்தனை நாள் சொல்லத் தைரியம் வரவில்லையாம். பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கேயே பார்த்துக்கொள்வோம் என்றாள். பிறகு, "தலைப்பிள்ளைக்கு அம்மா வீட்டுக்குப் போகலையான்னு இங்கன எல்லாரும் கேக்காங்கட்டி. என்ன சொல்லன்னு தெரியல" என்றாள்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். வளையல் போட்டு, ஏழு வகைச் சோறு கட்டி, போய் அழைத்து வருவதுதான் முறை. எவ்வளவு இல்லாத வீடாக இருந்தாலும் கடன் வாங்கியாவது அதைச் செய்துவிடுவார்கள். அழைக்க ஆளில்லாமல் ஒரு பெண் ஏழு மாதத்தைத் தாண்டினால், அவளுக்கு யாருமே இல்லை என்று அர்த்தம்.

நிமிர்ந்து பார்த்தேன். அப்பா தறிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். அவர் கண் அம்மாவின் முகத்தில் இருந்தது. முகத்தில் என்ன இருக்கிறது, பாதி முந்தானைதான். அவர் பின்னால் ஒரு தறியில் இழை அறுந்து, துணி கெட்டுக்கொண்டிருந்தது. அவர் திரும்பவில்லை. அறுந்த இழையை அப்பா அப்படி விட்டதை நான் பார்த்ததே இல்லை.

பிறகு அவர் என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது.

'அவளுக்கு என்ன?'

யார் என்று அவர் கேட்கவில்லை. புழுங்குகிற அந்த நாலு தறியும், அம்மா திருப்பித் திருப்பிச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் ஒரே நேரத்தில் எனக்கு முன்னால் வந்து நின்றன. திருப்பூரில் தண்ணீர் காலையில் மட்டும் வருவது அவருக்குத் தெரியும். பட்டறை போட்டது தெரியும். வீட்டுக்காரம்மா தங்கமான ஆள் என்பதும் தெரியும். அம்மா அத்தனையையும் அவருக்காகத்தான், அவர் பார்க்கிற மாதிரி, உதட்டை நன்றாக அசைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள். மகளின் ஒவ்வொரு சேதியும் அவரிடம் வந்து சேர்ந்திருந்தது. அவள் குரல் மட்டும் வரவில்லை. இன்றைக்கு அந்த உதடும் மூடிக்கொண்டது. அவர் எதையெல்லாம் நினைத்துப் பயந்தாரோ.

நானும் சத்தமில்லாமல் உதட்டால் சொன்னேன். 'நல்லாத்தான் இருக்கா. உண்டாகியிருக்கா. ஏழு மாசம்.'

அவர் அதைப் படித்தார். அப்படியே நின்றார். தலையிலும் மீசையிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. பிறகு விறுவிறுவென்று சுவர்ப் பக்கம் நடந்து, தறிகளுக்குப் போகிற மெயின் ஸ்விட்சை இழுத்தார்.

எட்டுத் தறியும் நின்றன. ஒவ்வொன்றாகத் திணறி, கடைசி நாடா ஒரு முறை மோதி, அடங்கியது. சுடலை அண்ணாச்சி தலையைத் தூக்கி டியூப் லைட்டைப் பார்த்தார். லைட் எரிந்துகொண்டிருந்தது. "என்னவே இது" என்று ஆரம்பித்தவர், அப்பாவின் முகத்தையும் தரையில் இருந்த அம்மாவையும் பார்த்துவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பகல் நேரத்தில் அந்தக் கூடம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் அறிந்ததில்லை. சுவரில் பல்லி சத்தமிட்டது கேட்டது. தெருவில் யாரோ வளையல் விலை கேட்டது கேட்டது. அப்பா என் பக்கத்தில் வந்து நின்றார். வருஷக்கணக்கான தறிச் சத்தத்தில் அவருக்குக் காது மந்தம். நான் போனை ஸ்பீக்கரில் போட்டு உயர்த்திப் பிடித்தேன். அவர் குனிந்து, முகத்தை அதன் அருகில் கொண்டுவந்தார். திரையில் இரண்டு சிவப்புச் சிலிண்டர்கள்.

"அம்மா?" என்றது அக்காவின் குரல். கூடம் முழுக்கக் கேட்டது. "ஏட்டி சங்கரி, என்ன தறிச் சத்தத்தையே காணோம்? கரண்டு போயிட்டா?"

அம்மா வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள்.

அப்பா தொண்டையைச் செருமினார். சத்தம் அடங்கிய இடத்திலும் அவருக்குத் தறிக்கு மேலாகப் பேசித்தான் பழக்கம். தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"கரண்டு இருக்கு கோமதி. நான்தான் நிறுத்துனேன்."